விக்கல் என்று சொன்னவள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், எண்பதுகளின் கடைசியில் ஓ.எல். எழுதிய வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு "அன்றும் இன்றும் மாணவியர் வாழ்வு". நூறு வருடங்களின் பரீட்சைப் பெறுபேறுகளையும், கட்டடங்களையும், வலைப்பந்துக் கிண்ணங்களையும் பற்றி எங்களுக்கு முன் பேசியவர்கள் நன்றாகப் பேசிவிட்டார்கள். ஆனால் மாணவியர் வாழ்வில் ஒரு பெரிய பகுதி எந்த ஆண்டறிக்கையிலும் எழுதப்படவில்லை. அதுதான் சிரிப்பு. டீச்சர் வகுப்புக்குள் வந்ததும் சட்டென்று நின்றுபோகும் அந்தச் சிரிப்பு. எதைப் பற்றிச் சிரித்தோம் என்று கேட்டால் "ஒன்றுமில்லை டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்லுவோமே, அந்த ஒன்றுமில்லாததைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பெரியவர்கள் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரம் வாதம் நடந்தது. "நமக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இனி யாரடி நம்மை முழங்காலில் நிறுத்தப்போகிறார்கள்?" என்று டொரொன்டோவில் இருந்து ஒருத்தி குரல்பதிவு அனுப்பினாள். வாதம் அத்துடன் முடிந்தது.

முதலில் எங்கள் காலத்து நிலவரம். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை, பலாபத்வலை, நாலந்தை என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தோம். தோட்டத்து லயத்தில் இருந்து வந்தவர்களும் டவுனில் கடைவீட்டு மாடியில் இருந்து வந்தவர்களும் ஒரே வாங்கில் இருந்தோம். இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், கிறிஸ்தவப் பிள்ளைகள். வீட்டுக்கு வீடு பழக்கவழக்கம் வேறு. எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்று. உடம்பைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வகுப்பில் ஒருத்தி இரண்டு கிழமை வராவிட்டால் காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மாமன் சீர் கொண்டுவந்து, மஞ்சள் நீராட்டி, படம் பிடித்து, ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டு நடக்கும் சடங்கு. இத்தனை பேருக்கு அறிவித்த விஷயத்தை அந்தப் பிள்ளைக்கு மட்டும் யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள். தனக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டது, இனிப் பிழைக்கமாட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் அழுததாக எங்களிடம் சொன்னவள் ஒருத்தி இன்று தாதி உத்தியோகத்தர். இப்போது அவளே சொல்லிச் சிரிக்கிறாள்.

கடைத்தெருவிலும் இதே கதைதான். சீனி, பருப்பு, தேங்காய் எல்லாம் வெறும் கடதாசிப் பையில் வரும். மாதாந்தச் சாமானை மட்டும் பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் கட்டித் தருவார்கள். ஒருவருக்கும் தெரியக்கூடாதாம். தெருவில் அப்படிக் கட்டின பொதி அது ஒன்றுதான் என்பதால் எதிரில் வரும் எல்லோருக்கும் தெரியும். உள்ளாடை வாங்கப் போனால் விற்கிறவர் ஓர் அண்ணன். அவர் எங்களைப் பார்க்கமாட்டார், கூரையைப் பார்த்தபடியே அளவு சொல்லுவார். கூரையைப் பார்த்துச் சொன்ன அளவு எப்படிச் சரியாக வரும்? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஓ.எல். முடியும்வரை அளவில்லாத உடுப்போடுதான் வலைப்பந்து விளையாடினோம்.

விஞ்ஞானப் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்று ஓர் அலகு இருந்தது. "அதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த அலகுக்குப் போய்விட்டார். எங்கள் வகுப்பு முழுவதும் ஒருத்தி தவறாமல் வீட்டுவேலை செய்தது அந்த ஒரு நாள்தான். படத்தில் இருந்தது குறுக்குவெட்டு முகம். எது எங்கே என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை. மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை ஒருத்திதான் மறுநாள் இடைவேளையில், எந்தப் பாடநூலும் எழுதத் துணியாத தெளிவோடு, கையால் காட்டி விளக்கினாள். சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த வாழைப்பழத்தை அதற்குப் பிறகு அன்று ஒருவராலும் சாப்பிட முடியவில்லை.

விடுதியில் விளக்கணைத்த பிறகு இன்னொரு விளையாட்டு. "நான் இதுவரை செய்யாதது" என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்லவேண்டும். நான் இதுவரை கடிதம் எழுதியதில்லை, மாசி மகத் தேர் அன்று கூட்டத்தில் வேண்டுமென்று தொலைந்துபோனதில்லை, இரசாயனவியல் புத்தகத்துக்குள் ரமணிசந்திரன் நாவலை வைத்து வாசித்ததில்லை. பொய் சொல்லுகிறவளுக்குத் தலையணை அடி. காலை எழுந்ததும் எல்லோரும் தேவாரம் பாடப் போவோம், முகத்தில் ஒன்றும் தெரியாது.

இதே விளையாட்டின் பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வரும், அதில் ஒரு தமிழ்ப் பிள்ளை கதாநாயகியாக இருப்பாள், உலகம் முழுவதும் அதைப் பார்க்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கும் தலையணை அடிதான் கொடுத்திருப்போம். 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் "நெவர் ஹேவ் ஐ எவர்" வந்தது. 2023 ஜூன்வரை நான்கு பருவங்கள், 40 அத்தியாயங்கள். மின்டி கேலிங்கும் லேங் ஃபிஷரும் உருவாக்கியது. மின்டி கேலிங்கின் தந்தை தமிழர், சொக்கலிங்கம் என்பது குடும்பப் பெயர். தேவி விஸ்வகுமாராக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிஸிஸாகாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இலங்கையின் யுத்தத்துக்குத் தப்பிக் கனடாவுக்குப் போன தமிழர்கள். முன்னனுபவம் இல்லாத அந்தப் பிள்ளையை ஏறக்குறைய 15,000 விண்ணப்பங்களில் இருந்து தெரிவு செய்தார்கள்.

கதையின் தொடக்கத்திலேயே தேவி சாமிப்படங்களுக்கு முன் கும்பிட்டு நின்று வரம் கேட்கிறாள். நல்ல படிப்பு, நல்ல சுகம் என்று இல்லை. மதுவும் மற்றதும் புழங்கும் விருந்துக்கு யாராவது தன்னை அழைக்கவேண்டும். அதைத் தொடுவதற்காக அல்ல, வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைப்பதற்காக. கையில் இருக்கும் மயிர் குறையவேண்டும். அழகான காதலன் வேண்டும். முத்துமாரியம்மன் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் என்ன கேட்டோம் என்று அம்மனுக்கும் எங்களுக்கும்தான் தெரியும். ஆகையால் அந்தக் காட்சியைப் பார்த்தபோது எங்களுக்கு அதிர்ச்சி வரவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பிள்ளை கொஞ்சம் சத்தமாகக் கும்பிட்டுவிட்டது போலத்தான் இருந்தது.

பிறகு அவள் பள்ளிக்கூடத்து அழகனிடம் நேராகப் போய், சுற்றி வளைக்காமல், கேட்கக்கூடாததைக் கேட்டுவிடுகிறாள். அவன் சரி என்று சொன்னதும் கை கால் நடுங்குவது அவளுக்குத்தான். அதுதான் இந்த நகைச்சுவையின் உயிர். வாய் நீளம், அனுபவம் பூச்சியம். பகிடி எவ்வளவு பச்சையாகப் போனாலும் உள்ளே ஒரு துக்கமும் இருக்கிறது. தேவியின் தகப்பன் அவளுடைய இசைநிகழ்ச்சியின் நடுவிலே மாரடைப்பால் இறந்துபோனவர். அந்த அதிர்ச்சியில் அவளுக்குச் சில மாதம் கால் இயங்கவில்லை. அவள் அடிக்கும் கூத்தெல்லாம் அழுது முடிக்காத பிள்ளையின் கூத்து என்பது போகப்போகத்தான் விளங்கும்.

எங்கள் வகுப்பில் பல பேர் வெளிநாட்டில். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் இருக்கும் அவர்களுடைய மகள்மார் இந்தத் தொடரைப் பார்த்தபோது தாய்மார் அறைவாசலில் நின்று முறைத்தார்கள். பிறகு வாசலில் நின்றபடியே பார்த்தார்கள். பிறகு கட்டிலில் வந்து இருந்தார்கள். தேவியின் வீட்டில் பேசும் தமிழ் காதில் இடறுகிறது, அமெரிக்கப் பார்வைக்காகச் சமைத்த இந்தியா அது என்று குறை சொன்னவர்களும் எங்களில் உண்டு. அந்தக் குறைகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிகமாக வந்த குறை வேறு. "இதெல்லாம் நம்முடைய பண்பாட்டில் இல்லாதது" என்பதுதான் அது.

அதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது. அது எங்கள் தமிழ் டீச்சர் தந்த பதில். அடைமழை பெய்த ஒரு பிற்பகலில், பாடம் முடிந்தும் மணி அடிக்காத கால் மணித்தியாலத்தில், அவர் கலித்தொகையில் இருந்து ஒரு கதை சொன்னார். குறிஞ்சிக்கலியில் வரும் பாட்டு, நூலில் 51ஆவது. கபிலர் பாடியது என்பது மரபு.

ஒரு பெண் தன் தோழியிடம் சொல்லுகிறாள். சின்ன வயதில் நாம் தெருவில் மணல் வீடு கட்டினால் காலால் தட்டிவிட்டு, தலையில் வைத்த பூவைப் பிடுங்கி, விளையாடும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவானே ஒரு பொல்லாத பயல், நினைவிருக்கிறதா? ஒரு நாள் அம்மாவும் நானும் வீட்டில் இருந்தோம். வாசலில் ஒருவன் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். நல்ல பாத்திரத்தில் கொண்டுபோய்க் கொடு என்று அம்மா அனுப்பினாள். அவன்தான் என்று தெரியாமல் போனேன். வளையல் போட்ட கையை எட்டிப் பிடித்துவிட்டான். நான் திடுக்கிட்டு, "அம்மா, இவன் செய்ததைப் பார்!" என்று கத்திவிட்டேன். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். உடனே நான் என்ன சொன்னேன் தெரியுமா? தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கல் வந்துவிட்டது என்றேன். அம்மா அதை நம்பி அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவன் அம்மாவுக்குத் தெரியாமல் என்னைக் கொல்லுவதுபோலப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான்.

டீச்சர் சொல்லி முடித்ததும் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். முதுகு தடவுகிற தாயை நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. கண்ணகியும் சீதையும் மட்டும் இருந்த எங்கள் பாடத்துக்குள் வாய்க்கொழுப்புள்ள, பொய் சொல்லுகிற, கெட்டிக்காரியான ஒரு சாதாரணப் பெண்பிள்ளை வந்து குந்திவிட்டாள்.

சிரித்து முடிந்த பிறகு டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "கையைப் பிடித்தது பகிடியா, கொடுமையா?" ஒருத்தி பகிடி என்றாள், ஒருத்தி கொடுமை என்றாள். "அதைச் சொல்லுகிற உரிமை யாருக்கு?" என்று அடுத்த கேள்வி. மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கான விடையைத்தான் நாங்கள் இன்று இங்கே சொல்ல வந்திருக்கிறோம்.

அவளுக்குத்தான் அந்த உரிமை. கத்தினதும் அவள், விக்கல் என்று சொன்னதும் அவள். முதல் வார்த்தைக்குத் தாய் ஓடிவந்தாள். இரண்டாவது வார்த்தையையும் தாய் ஏற்றுக்கொண்டாள். நடந்தது என்ன என்று தீர்மானிக்கும் சாவி கடைசிவரை அவள் கையில் இருந்தது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்ததால் அது பகிடி. பிடிக்காத ஒருவன் நாளைக்கு அதே கையைப் பிடித்தால் அவள் விக்கல் என்று சொல்லமாட்டாள். பெண்பிள்ளையே சொல்லும் நகைச்சுவைக்கும் மற்றதுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு பச்சையாகப் பேசினார்கள் என்பதில் இல்லை.

மற்றது எது என்று கேட்பீர்கள். பையன்களின் விடலைப் படங்கள் ஒரு நீண்ட வரிசை. 1980களின் தொடக்கத்தில் "போர்க்கீஸ்" என்ற படம். பெண்பிள்ளைகள் குளிக்கும் இடத்தைப் பையன்கள் ஓட்டை வழியாகப் பார்ப்பதுதான் அதன் பேர்போன காட்சி. 1999இல் "அமெரிக்கன் பை". அதில் வெளிநாட்டில் இருந்து படிக்க வந்த ஒரு பெண் உடை மாற்றுவதை, அவளுக்குத் தெரியாமல் ஒரு பையன் கணினிக் கமராவால் மற்றவர்களுக்கு ஒளிபரப்புகிறான். படம் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்ணை மட்டும் அவளுடைய நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பையனுக்கு அசடு வழிந்ததோடு சரி. தமிழில் ஷங்கரின் "பாய்ஸ்" 2003இல் வந்தது. அதன் பெயரே யாருடைய கதை என்று சொல்லிவிடுகிறது. இந்தப் படங்களில் பெண்பிள்ளை சிரிக்கிறவள் அல்ல, சிரிப்புக்குக் காரணமாக இருக்கிறவள். கதை அவள் வாயில் இல்லை.

இதோடு "டர்னிங் ரெட்" என்ற 2022ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படத்தை வைத்துப் பாருங்கள். டோமி ஷி என்ற பெண் இயக்கியது. 2002ஆம் ஆண்டின் டொரொன்டோவில் 13 வயதுச் சீனப் பிள்ளை மெய். அவளுடைய தோழி பிரியாவுக்குக் குரல் கொடுத்தவர் நம் மைத்ரேயிதான். மெய் கடையில் வேலை செய்யும் ஒரு பையனை நினைத்துக் கொப்பியில் கன்னாபின்னாவென்று படம் வரைகிறாள். தாய் கட்டிலுக்கடியில் அதைக் கண்டுபிடித்து, கொப்பியோடு மகளையும் இழுத்துக்கொண்டு கடைக்கே போய் எல்லோருக்கும் முன் விரித்துக் காட்டுகிறாள். பிள்ளைக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருக்கிறது. இன்னொரு நாள் அதே தாய் அணையாடைப் பெட்டியோடு பாடசாலை யன்னலுக்கு வெளியே நிற்கிறாள். பகிடிதான். ஆனால் யாருடைய வெட்கத்துக்காக நாம் வலிக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளையின் பக்கம் நின்றுதான் சிரிக்கிறோம்.

தமிழிலும் கதவு திறந்திருக்கிறது. வர்ஷா பரத் எழுதி இயக்கிய "பேட் கேர்ள்" 2025இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் நெட்பாக் விருது பெற்று, செப்டெம்பரில் திரைக்கு வந்தது. ரம்யா என்ற பெண் பாடசாலைக் காலம் முதல் முப்பது வயது தாண்டும்வரை காதலிக்கிறாள், தடுமாறுகிறாள், தாயோடு சண்டை பிடிக்கிறாள். முன்னோட்டக் காட்சி வந்த உடனேயே எதிர்ப்புக் கிளம்பி, நீதிமன்றம்வரை போனது. விடலைப் பையன்கள் கெட்டுப்போகும் கதை தமிழ்ச் சினிமாவுக்குப் புதிதல்ல. ஒரு பெண் "நான் கெட்டவள்தான்" என்று தன் வாயால் சொல்லிச் சிரித்தவுடன்தான் ஊருக்குக் கோபம் வந்தது.

இன்னொன்றும் கவனித்தோம். கலித்தொகைப் பெண்ணுக்காகப் பாடியவர் கபிலர், ஓர் ஆண். "நெவர் ஹேவ் ஐ எவர்" தொடரில் தேவியின் மனத்துக்குள் நடப்பதை நமக்குச் சொல்லுகிற குரல் ஜோன் மெக்கன்ரோவுடையது. ஆம், டென்னிஸ் மைதானத்தில் நடுவரோடு கத்தின அதே மெக்கன்ரோ. தேவிக்கும் அவரைப்போல முன்கோபம் என்பதும், தகப்பன் அவருடைய இரசிகர் என்பதும் கதையில் காரணம். அருமையான பகிடிதான். இருந்தாலும் பெண்பிள்ளையின் நெஞ்சைத் திறக்க இத்தனை காலமாக ஆம்பிளைக் குரலை இரவல் வாங்கியிருக்கிறோம். அந்த இரவலைத் திருப்பிக் கொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

சிரிப்பு சுகமான காலத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்கவேண்டாம். வட அயர்லாந்தின் டெரி நகரத்தில் வளர்ந்த லிசா மக்கீ "டெரி கேர்ள்ஸ்" என்ற தொடரை எழுதினார், 2018 முதல் 2022வரை வந்தது. 1990களில் கன்னியர்மட மாணவிகளின் கதை. பாலத்தில் குண்டு என்று செய்தி வந்த காலையிலும், இதுகளை இன்னொரு நாள் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று தாய்க்குக் கவலை. சோதனைக்காகப் பாடசாலை பஸ்ஸில் ஏறும் சிப்பாயைப் பார்த்து ஒருத்தி அடிக்கும் பகிடியை இந்த மேடையில் சொல்ல முடியாது, தேநீர் நேரத்தில் வந்து கேளுங்கள். நாங்களும் அப்படி ஒரு காலத்துப் பிள்ளைகள்தான். 1983இல் அம்மன் கோவில் தீக்கிரையானபோது எங்களுக்குப் பத்து வயதுக்குக் கிட்ட. 1988, 1989இல் ஊரடங்கும் மூடிய பாடசாலைகளும். வெளியே என்ன நடக்கிறது என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிய இரவுகளில், பாய்க்குள் தலையை மூடிக்கொண்டு நாங்கள் சிரித்தது ஏதோ ஒரு பையனின் நடையைப் பற்றியோ புதிதாக வந்த டீச்சரின் கொண்டையைப் பற்றியோதான். அந்தச் சிரிப்பு பயத்தைப் போக்கவில்லை. பயத்தோடு விடியும்வரை இருக்கத் துணையாக இருந்தது.

இனிச் சிரிக்க முடியாத ஒரு பகுதி. எங்கள் வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வந்த ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்லமாட்டோம். பஸ்ஸில் வரும் ஒரு பையன் அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தான். அதை அவள் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தி, பத்துக்கு நான்கு புள்ளி போட்டு, கொப்பிக்குள் வைத்தாள். வயிறு நோகச் சிரித்தோம். அந்தக் கொப்பி பெரியவர்கள் கையில் அகப்பட்டது. கடிதம் வாசிக்கப்பட்டது, சிவப்புப் பேனையை யாரும் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. பதினேழு வயதில் கலியாணம். கடிதம் எழுதிய பையன் மார்கழியில் பரீட்சை எழுதினான்.

அவளுக்கும் ஒரு விக்கல் கதை இருந்தது. நடந்தது பகிடி என்று சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது, சான்றும் கையில் இருந்தது. கேட்க ஒரு காது இல்லை. அதுதான் வேறுபாடு. விடலைப் பையன் செய்கிற கூத்தை "வயது அப்படி" என்று உலகம் மன்னித்துவிடுகிறது. பெண்பிள்ளைக்கு அதே வயதில் சறுக்கக்கூட வேண்டியதில்லை, யாராவது அவள் பக்கத்தில் சறுக்கினாலே போதும். பெண்பிள்ளைகளின் நகைச்சுவை கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. அசடாக இருக்கவும், அசட்டுத்தனத்தைச் சொல்லவும், மறுநாள் அதே வகுப்பில் அதே வாங்கில் வந்து இருக்கவும் அவளுக்கும் இடம் வேண்டும் என்பதுதான்.

இது சின்ன விஷயம் அல்ல. அசட்டுத்தனத்தைச் சொல்ல முடியாத பிள்ளையால் ஆபத்தையும் சொல்ல முடியாது. இலங்கையின் பஸ்களிலும் ரயில்களிலும் பெண்கள் படும் தொல்லையைப் பற்றி ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் ஆய்வு செய்தது. 90 வீதமானவர்கள் வாழ்நாளில் ஒரு தரமாவது அனுபவித்திருக்கிறார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம். எங்கள் காலத்தில் பாதுகாப்பு என்பது சேப்டி பின். குத்திவிட்டு இறங்குவோம், வீட்டில் சொல்லமாட்டோம். சொன்னால் "நீ ஏன் பின்பக்கம் நின்றாய்?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். இன்று சேப்டி பின்னால் எட்ட முடியாத ஆட்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறார்கள். ஒரு படத்தை அனுப்பு என்பான். அனுப்பினால் இன்னொன்று கேட்பான். மறுத்தால் தகப்பனுக்கு அனுப்புவேன் என்பான். அந்த மிரட்டலின் முழுப் பலமும் ஒரே இடத்தில் இருக்கிறது: இவள் வீட்டில் சொல்லமாட்டாள் என்று அவனுக்கு நிச்சயம். அவள் ஓடிப்போய் ஒருவரிடம் சொல்லிவிட்டால் அந்தப் பலம் பாதியாகிவிடும். கத்தினவுடன் ஓடிவருகிற ஒரு தாய், முழுக் கதையையும் கேட்கிற ஒரு தோழி. கலித்தொகைப் பெண்ணுக்கு இருந்த இரண்டு பேரும் நம் பிள்ளைகள் ஒவ்வொருத்திக்கும் வேண்டும்.

ஆகையால் எங்கள் வகுப்பு நூற்றாண்டுக்காகச் சேர்த்த பணத்தை எதற்குச் செலவிட விரும்புகிறோம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதலாவது, மாதம் ஒரு மணித்தியாலம். எங்களில் தாதிமார், வைத்தியர், சட்டத்தரணி, தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர் எல்லோரும் இருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒருத்தி வருவோம். டீச்சர்மார் மன்னிக்கவேண்டும், அந்த ஒரு மணித்தியாலம் கதவுக்கு வெளியே இருக்கவேண்டும். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வைப்போம். குறுக்குவெட்டு முகத்தையும் விளக்குவோம், இந்த முறை வாழைப்பழம் இல்லாமல்.

இரண்டாவது, அணையாடை வைத்த ஓர் அலுமாரி. 2024இல் பாடசாலை மாணவிகளுக்கு அணையாடை வாங்க வவுச்சர் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது, நல்ல காரியம். எங்கள் அலுமாரிக்குப் பூட்டு இருக்கக்கூடாது, சாவி கேட்டுப் பெரியவர் அறைக்குப் போகவேண்டிய நிலை வரக்கூடாது, பத்திரிகைத் தாளும் தேவையில்லை. மூன்றாவது, மாணவர் பதிவேட்டின் பின்னட்டையில் இரண்டு இலக்கங்கள் அச்சிடவேண்டும்: சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938.

நான்காவதாக ஒரு பரிசு. தமிழ் மொழித்தினத்துக்கு ஒவ்வொரு வருடமும் நாடகம் போடுகிறோம். அரிச்சந்திரன் அழுகிறான், கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், சபை கண்ணைத் துடைக்கிறது. அடுத்த வருடம் முதல், மாணவிகள் தாங்களே எழுதி நடிக்கும் ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு எங்கள் வகுப்பின் பெயரில் ஒரு கிண்ணம். கதை உங்களுடையதாக இருக்கவேண்டும். சடங்கு வீடு, பஸ், டியூஷன் வகுப்பு, தேர்த் திருவிழா, கைத்தொலைபேசி, எதுவும் எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை. சொல்லுகிறவள் பெண்பிள்ளையாக இருக்கவேண்டும், பகிடி இன்னொரு பெண்பிள்ளையின் தலையில் விழக்கூடாது. கொஞ்சம் வரம்பு மீறினால் அதிபர் அவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும்படி இந்தச் சபை முன்னிலையில் கேட்டுக்கொள்கிறோம். அவர் இப்போது புன்னகைக்கிறார், அதைச் சம்மதம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்படி செயலாளருக்குச் சொல்லுகிறோம்.

வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகிற பழைய மாணவிகளுக்கும் ஒரு வேலை. உங்கள் மகள் அறைக்குள் சிரித்தால் கதவைத் திறந்து "என்ன சிரிப்பு?" என்று கேட்காதீர்கள். நீங்கள் பதினைந்து வயதில் எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒரு கதையைச் சொல்லுங்கள். பிறகு அவள் தன் கதையைச் சொல்லுவாள். பகிடிக் கதை முதலில் வரும். மற்றது தேவைப்படும் நாளில் அதே வழியால் வரும்.

பின்வரிசைத் தங்கச்சிமாரே, இந்த அரைமணி நேரமும் உங்கள் சிரிப்பு எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காரணம் கேட்கவில்லை. தேநீருக்கு வாருங்கள், அங்கே கேட்கிறோம்.